இடது இருக்கை ஹெட்ரெஸ்ட்

துண்டில் சுற்றி எடுத்துவந்த கார் ஹெட்ரெஸ்டை சர்வீஸ் சென்டர் மேஜைமேல் வைத்தேன்.

"இதப் பாருங்க. வலது கம்பில வெட்டு ஆழம் போதல. பூட்டு பிடிக்காது. தலை வந்து மோதினா அப்படியே கீழ இறங்கிடும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் சட்டையில் பானு என்று எழுதியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். என் கையெழுத்தோடு வெளியே போன ஒரு பொருள்கூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

பக்கத்தில் சம்பந்தி சீனிவாசன் உட்கார்ந்திருந்தார். அல்வாலில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து அவரை நான்தான் வரவழைத்தேன். அவர் காதுபட இது பேசப்பட வேண்டும்.

ஏப்ரலில், சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. பெரிய இடி இல்லை. பின் கண்ணாடிகூட உடையவில்லை. ஓட்டிய என் மகன் அனிருத்துக்கு ஒரு கீறல் இல்லை.

இடது இருக்கையில் இருந்த மருமகள் பத்மஜாவுக்குக் கழுத்து முறிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பத்மஜா பக்கத்து உறவினர் ஒருவர், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "பையன் போனப் பாத்துக்கிட்டே சடார்னு பிரேக் அடிச்சிருப்பான். இல்லன்னா லாரிக்காரன் ஏன் இடிக்கிறான்?"

மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அதற்குப் பிறகு அனிருத் யாருடனும் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

போன வாரம் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. இந்த மாடல் கார்களில் ஹெட்ரெஸ்ட் பூட்டு பழுது. நிறுவனம் ஜனவரியிலிருந்தே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தருகிறதாம்.

ஜனவரியிலிருந்து.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். நேராகக் காருக்குப் போய் இடது இருக்கையிலிருந்து அதைக் கழற்றினேன்.

"எங்களுக்கு ஏன் சொல்லலன்னு கம்பெனி எழுதித் தரணும்" என்றேன் பானுவிடம். "எங்க பையன் மேல தப்பில்ல, வண்டி மேலதான் தப்புன்னும் எழுதணும். இவர் அதப் படிக்கணும்."

"எழுதி வாங்கி என்ன சம்பந்தி பண்ணப் போறோம்?" என்றார் சீனிவாசன், தரையைப் பார்த்தபடி.

"உங்களுக்கு ஒண்ணுமில்லாம இருக்கலாம். எங்களுக்கு மானம் இருக்கு."

பானு வண்டி எண்ணைத் தட்டினாள். அவளுக்குச் சித்தூர்ப் பக்கம். தெலுங்கு கலந்த தமிழ் வந்தது.

"ஒக்க நிமிஷம் சார்… சொல்லியிருக்காங்க சார். பிப்ரவரி பதினொண்ணு. போன்ல. ரிகார்டிங் இருக்கு."

"பொய். யார்கிட்ட சொன்னாங்க?"

அவள் காதில் கருவியை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். சீனிவாசனைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க சார். நீங்க மட்டும் தனியா கேளுங்க."

"தனியா எதுக்கு? ஒளிச்சுப் பேசற குடும்பம் இல்ல எங்களது. இவர் முன்னாடியே போடுங்க. சத்தமா போடுங்க."

போட்டாள்.

ஓர் இளைஞன் பணிவாகத் தமிழில் பேசினான். முன் இருக்கை ஹெட்ரெஸ்டில் ஒரு சின்னப் பழுது, வண்டியை அரை மணி நேரம் கொண்டுவந்தால் போதும், கட்டணம் இல்லை.

அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது.

"யார்கிட்டடா கத விடற? ஹெட்ரெஸ்டாம்! ஓசில மாத்துவானாம்! அடுத்தது ஓடிபி கேப்ப. முப்பத்திரண்டு வருஷம் தரம் பாத்தவன்கிட்ட, என் வண்டில குறைன்னு சொல்றியா?"

என் குரல்.

கார் என் பெயரில் இருக்கிறது. கொடுத்த போன் எண்ணும் என்னுடையது. எங்கள் வீட்டில் எதுவானாலும் அப்படித்தான்.

அந்த மாதம் எங்கள் காலனிக்குப் போலீஸார் வந்து, போன் மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று மாலை பூங்காவில் நண்பர்களிடம், ஒருத்தனைக் கிழித்து விரட்டினேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே மறந்துவிட்டேன்.

பதிவு இன்னும் முடியவில்லை.

கொஞ்சம் தள்ளி நின்று யாரோ பேசுவது கேட்டது. பெண் குரல்.

"மாமா, வச்சிடாதீங்க. அது கம்பெனி நம்பர்தான், நெட்ல பாத்துட்டேன். ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே."

"பெரியவங்க பேசும்போது உனக்கு என்ன? நீ உள்ள போ."

அதோடு துண்டித்திருந்தேன்.

பானு மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு காரை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சீனிவாசன் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார்.

"கடைசில எம்பொண்ணு பேசறாள்ல, அத மட்டும் இன்னொரு தடவ போடும்மா" என்றார். "இவர் பேசறதுக்கு முன்னாடி நிறுத்திடு."