மடியில் ஒரு ஜன்னல்

"தங்கச்சி புருஷனைத் துறைமுகமே கேலி பண்ணுது. நீ உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

வலைக் கொட்டகையில் இப்படிக் கேட்காத பெண் பாக்கி இல்லை. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசியும் நூலுமாக வலை தைத்துக்கொண்டே இருந்தாள்.

புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தங்கைக்கும் அதே வருத்தம். மூன்று வாரமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தங்கையின் கணவர் இறால் படகின் டிரைவர். மீன்வளத் துறை அதிகாரியம்மா கொட்டகைக்கு வந்து சொல்லிக்கொடுத்ததை வைத்து, ஒரு மாதத்துக்கு முன்னால் இழுவலையின் கடைசிப் பையான மடியில், மேல்பக்கமாக ஒரு துண்டை வெட்டிவிட்டு, அகலமான சதுரக் கண்ணி வலையை வைத்துத் தைத்திருந்தார். இறால் அடியில் கிடக்கும். குஞ்சு மீன்கள் மேலே எழும்பி அந்த வழியாகத் தப்பிவிடும். விலைக்குப் போகாமல், செத்த பிறகு கடலிலேயே வாரிக் கொட்டுகிற கழிசல் மீன் குறையும்.

அன்று முதல் அவர் பெயர் 'ஜன்னல்'.

பெயர் வைத்தது சாட்சாத் சகலை, அதாவது அக்காவின் கணவர். அவரும் டிரைவர்தான். கடலுக்கடியில் இறால் புரண்டு படுத்தாலும் தனக்குத் தெரியும் என்பார். அதனால் அவர் 'ராடார்'. வலையில் ஓட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறவனைச் சகலை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்று ஐஸ் ஆலை வாசலில் தினமும் ஒரு கச்சேரி நடத்துவார்.

கடைசியில் படகுச் சங்கத் தலைவர் ஒரு போட்டி வைத்தார். இரண்டு படகும் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்தில், மூன்று மணி நேரம் இழுக்க வேண்டும். பிடித்ததைக் கரையில் எல்லோர் முன்னாலும் கொட்ட வேண்டும். ஜன்னல் ஜெயித்தால் நாற்பது படகுக்கும் ஜன்னல். இல்லையென்றால் அவரும் தன் ஜன்னலை அடைத்துவிட வேண்டும்.

விடிந்ததும் போன படகுகள் மத்தியானம் திரும்பின. துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் ஆலைக் கூரைமேல்கூட ஆட்கள்.

முதலில் ஜன்னலின் படகு. இறால் ஆறு கூடை. கழிசல் மூன்றே கூடை. வழக்கமாகப் பன்னிரண்டு வரும். விசில் காதைப் பிளந்தது. தங்கை பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அடுத்து ராடார். இறால் ஆறே கால் கூடை. கழிசல்?

தலைவர் எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார்.

மூன்று கூடை.



"பார்த்தீங்களா? ஓட்டையும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஒன்றரை மாசமா என் மடி இப்படித்தான் வருது. எல்லாம் கைத்திறமை" என்று ராடார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

அவருடைய ஆட்கள் நாலு பேரும் திடீரென்று கடலில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலால் பெரிய பிரயோஜனம் இருப்பதாகத் தெரியவில்லை, இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம் என்றார். அதிகாரியம்மா நோட்டை மூடினார். தங்கையின் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராடாரின் படகில் ஏறினாள். காலியாகக் கிடந்த மடியை உதறிப் புரட்டினாள். மேல்பக்கத்துக் கண்ணிகளை விரித்துப் பிடித்தாள்.

அகலமான சதுரக் கண்ணிகள். ஒரு ஜன்னல் அளவுக்கு.

சுக்கானை விட்டு வந்து மடியைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் ராடாருக்கு என்றுமே கிடையாது. இப்போது தொட்டுப் பார்த்தார்.

"இது... இது யார் வேலை?"

"நான்தாங்க தச்சேன். உங்க ஆளுங்களுக்குத் தெரியும். கழிசல் பொறுக்குற வேலை பாதியாயிடுச்சேன்னு அவங்களும் மூச்சு விடலை" என்றாள் அக்கா. "உங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சுப் போட்டிருப்பீங்க. உங்க சகலையோட ஜன்னலுக்கு இது மூத்தது."