ஊருக்குத் தெரியாமல் ஒரு பயணம்

“டாக்ஸி கீக்ஸி எதுவும் வேண்டாம், சனோபர். தாஷ்கண்டுல டாக்ஸி ஓட்டுறவங்கள்ல பாதிப் பேரு நம்ம கோகந்து ஆளுங்க. ஏறி உக்காந்ததும் ‘எந்தத் தெரு, யாரு வீடு’ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. மெட்ரோவுல போனா நம்மள யாரு பாக்கப் போறா?”

மருந்துக் கடையின் உள்ளறையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மஸ்தூரா போனில் கிசுகிசுத்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒளிந்து பேச வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

“நானும் அதான் நினைச்சேன் மஸ்தூராக்கா,” என்றாள் மறுமுனையில் சனோபர். பக்கத்துப் பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியை. “காலை ரயில்ல ரெண்டு சீட்டு. ஸ்டேஷன்ல இறங்கினா மெட்ரோ நேரா சோர்சு சந்தைக்கே கொண்டு போய் விட்டுடும். பக்கத்துலயே ரூம். மாறி மாறி ஏறி இறங்குற வேலையே இல்ல.”

“ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான், சொல்லிட்டேன். என் முழங்காலு அதுக்கு மேல தாங்காது.”

“ஒரு இடம்கூட வேண்டாம். ஒரு கெட்டில் டீயை வச்சுக்கிட்டு நாள் முழுக்கப் பேசுவோம். போதுமா?”

போதும். மஸ்தூராவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். எட்டு மாதமாக இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. சனோபர் என்ற பெயரை எடுத்தாலே மகள் நிகோரா சாப்பிடும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். சனோபர் வீட்டிலும் இதே கதைதான்.

எந்த நாளில் கிளம்புவது என்பதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கும் அன்று மாலையே வழி பிறந்தது.

“அம்மா, சனி ஞாயிறு எனக்கு ஃபெர்கானாவுல பயிற்சி வகுப்பு. தனியா இருந்துப்பீங்களா?” என்று கேட்டாள் நிகோரா.

“எனக்கென்ன, சின்னக் குழந்தையா? நீ நிம்மதியா போயிட்டு வா,” என்றாள் மஸ்தூரா, குரலில் சந்தோஷம் வழிந்துவிடாமல்.

சனோபரிடம் சொன்னபோது அவள் கைதட்டுவது போனிலேயே கேட்டது. “அல்லாவே வழி விட்டுட்டார் அக்கா! எங்க வீட்டுத் துரையும் அதே ரெண்டு நாள் மீன் பிடிக்கக் கிளம்புறாராம்.”

சனிக்கிழமை காலை ரயில் கோகந்தைத் தாண்டும் வரை இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். மலை வந்தது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து பெட்டி இருண்டதும் சனோபரின் கை வந்து மஸ்தூராவின் கையைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்தபோது இருவர் கண்ணிலும் ஈரம்.

“யாரோ போட்ட சண்டைக்கு நாம ஏன் அக்கா முகம் பாக்காம இருக்கணும்?”

“விடுங்க. அந்தப் பேச்சே வேண்டாம். அந்த சம்சாவை எடுங்க, ஆறிடப் போகுது.”

அந்த ஒன்றரை நாள் மஸ்தூராவின் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. சந்தையில் நாரின் என்ற இறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். கால் வலித்த இடத்தில் உட்கார்ந்தார்கள். தவறான பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அவசரப்படுத்த யாருமில்லை.

ஞாயிறு மதியம் கோஸ்மோனாவ்ட்லர் நிலையத்தில் இறங்கினார்கள். நீலச் சுவரில் விண்வெளி வீரர்களின் படங்கள். “அந்தக் கோடியில ஒரு பொண்ணு போட்டோ எடுத்துக்கறா பாருங்க, என்ன அழகா சிரிக்குது!” என்றாள் சனோபர்.

மஸ்தூரா பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நிகோரா!

எட்டு மாதமாக வீட்டில் ஒரு புன்னகைகூடக் காட்டாத பெண், இங்கே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே, முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். அவன் ஏதோ சொன்னான். அவள் ஓடிவந்து அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

“ஃபெர்கானாவுல பயிற்சியாம் பயிற்சி!” மஸ்தூராவுக்கு மூச்சு வாங்கியது. “எவனோ ஒருத்தனோட ஊர் சுத்துறா! இருங்க, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

“அவசரப்படாதீங்க அக்கா! அவன் யாருன்னு முதல்ல பாப்போம்.”

அவன் திரும்பினான்.

சனோபர் சட்டென்று மஸ்தூராவின் தோளைப் பற்றிக்கொண்டாள். “யா அல்லா... இவனா?” என்று கிசுகிசுத்தாள். “எங்கிட்ட மீன் பிடிக்கப் போறேன்னான்!”

மஸ்தூராவின் கோபம் போன இடம் தெரியவில்லை. உடனே இருவருக்கும் ஒரே எண்ணம்: அவர்கள் கண்ணில் நாம் பட்டுவிடக் கூடாது.

“ஓடுங்க, ஓடுங்க!”

முழங்கால் வலியை மறந்து, புறப்படவிருந்த ரயிலுக்குள்ளேயே இருவரும் திரும்பப் பாய்ந்து ஏறினார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து மூச்சிரைத்தார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று எதிரே இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

“மஸ்தூராக்கா...” என்று தொடங்கினாள் சனோபர்.

எட்டு மாதத்துக்கு முன் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போன தன் மகளும் சனோபரின் மகனும் கைகோத்து நடப்பதை, நகரும் கண்ணாடி வழியே கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பினாள் மஸ்தூரா.

“இன்னும் என்ன ‘அக்கா’? பழையபடி சம்பந்தின்னே கூப்பிடுங்க!”