காந்தக் கை

வைத்தியர் சுவாமிதாஸின் உள்ளங்கையில் காந்தசக்தி இருப்பதாகவும், அவர் தடவினால் காய்ச்சல் ஓடிவிடும் என்றும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் பாறசாலை ஊரே நம்பியது. பங்கஜாட்சியும் காய்ச்சலில் கிடந்த மகளை மூன்று நாளாக அவரிடமே தூக்கிப்போனாள்.

இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் அவள் தங்கை அம்பிளிக்குப் பொறுக்கவில்லை. ஆய்வகத்தில் தான் செய்த கருவியோடு நேரே வைத்தியர் வீட்டுக்குப் போனாள்.

“இந்தச் சில்லு மேல ஒலி அலை ஓடும். காந்தமோ சூடோ பட்டா அலைக்க வேகம் மாறும். ரெண்டையும் தனித்தனியா காட்டும். கைய வையுங்க.”

பிள்ளையோடு வந்திருந்த பங்கஜாட்சியும் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்ததால் சுவாமிதாஸால் மறுக்க முடியவில்லை.

“காந்தம் துளிகூட இல்ல,” என்றாள் அம்பிளி. “சூடு நூத்தி மூணு. இவருக்கே காய்ச்சலாக்கும்!”

பங்கஜாட்சி கண்ணீரோடு கைகூப்பினாள்.

“எனக்க பிள்ளைக்க காய்ச்சல வைத்தியரு தன் மேல வாங்கிட்டாரே!”

மொத்தக் கூட்டமும் அவர் காலில் விழுந்தது.

அந்தச் சந்தடியில் சுவாமிதாஸ் அம்பிளியின் காதருகே குனிந்தார்.

“மக்கா, பின்வாசலுக்கு ஒரு ஆட்டோ கொண்டு வா. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போணும். பிள்ளையையும் எடுத்துக்க. நாலு நாளா மாத்திர முழுங்கியும் எனக்குக் காய்ச்சல் இறங்கல்ல.”