பெருக்கல் குறி

"இந்த வால்வை யாருடா போட்டது?"

"தெரியலடா. நம்ம டீம்ல யாரோ போட்டிருப்பாங்க. இருக்கட்டும், விடு."

வேதிப் பொறியியல் மாணவர்களின் வடிவமைப்புப் போட்டிக்காகச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் இருந்தபடி இதைக் கேட்ட சின்ன வால்வுக்குக் குழப்பமாகிவிட்டது. அது பக்கத்திலிருந்த பம்பிடம் கேட்டது.

"அண்ணே, நான் திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

"எனக்கென்ன தெரியும்? நடுவர் வந்து பார்த்ததும் தண்ணியைத் தள்ளுறதுதான் என் வேலை. டேங்கைக் கேளு."

டேங்க் ஏற்கெனவே பயந்துபோயிருந்தது. "எனக்குக் கழுத்துவரைக்கும் இருக்கு. இன்னும் ஒரு வாளி வந்தாலும் உடைஞ்சிடுவேன். உன்னைப் பம்போட ஆளுன்னுல்ல நெனச்சேன்!"

கீழே மேசையில் கிடந்த பென்சில் சிரித்தது. "நீ வால்வே இல்லப்பா. இந்தக் குழாய் வேண்டாம்னு டீம்ல இருக்குற சுகிர்தா போட்ட பெருக்கல் குறி. படத்தைப் படியெடுத்த தமீம் ரெண்டு பக்கமும் கோடு இழுத்து உன்னை வால்வாக்கிட்டான். படத்துல வால்வுக்குக் குறி அப்படித்தான்."

"அப்ப நான் இப்ப வால்வா, பெருக்கலா?"

"யாருக்குத் தெரியும்? வரைஞ்சதோட என் வேலை முடிஞ்சுபோச்சு."

நடுவர் வந்து நின்றார். வால்வின் மேல் விரலை வைத்து, "இது எதுக்கு?" என்றார்.

மாணவர்கள் நால்வரும் படத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"சேஃப்டிக்கு சார்," என்றான் தமீம்.

பம்ப் உறுமத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வேகமாக வரும் சத்தம் கேட்டது.

வால்வு இறுக மூடிக்கொண்டது.