நூற்று நாற்பத்து மூன்று கோல்

"மாமா, ஒங்கள எவனோ நல்லா ஏமாத்திப்போட்டான்!"

கருங்கல் டவுன் பிரௌசிங் சென்டரில் எடுத்த தாளை ஆட்டிக்கொண்டே வந்தான் ஷாஜின். ஊர்ப் பந்தாட்டக் குழுவின் கேப்டன். குழுவின் செயலாளர் சிலுவைமுத்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை மீன்கறியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"எவன் மக்கா?"

"அந்த ஃபிலிமோன்தான். நேஷனல் டீம் கோல்கீப்பர், இன்டர்நேஷனல் பிளேயர்னு துபாயில இருந்து வரவச்சியளே! அவனுக்க நாட்டு ஃபுட்சால் டீம் வெளிநாட்டுப் போட்டியில இதுவரைக்கும் பதினோரு மேட்ச் ஆடியிருக்கு."

"ஆடட்டும்."

"பதினொண்ணுலயும் தோல்வி. வாங்கினது நூத்தி நாப்பத்தி மூணு கோல்! எல்லாத்துக்கும் இவன்தான் கோலி!"

சிலுவைமுத்து கிழங்கை மென்று விழுங்கினார். "ஒரு மேட்ச்சுக்குக்கூட லீவு போடல்ல, பாத்தியா? பொறுப்பான பய."

ஃபிலிமோனின் நாடு பசிபிக் கடலில் ஒரு தீவு. உலகப்படத்தில் அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்தால் நாடே காணாமல் போகும். ஃபுட்சால் ஐந்தே பேர் ஆடுகிற பந்தாட்டம் என்பதால்தான் தேசியக் குழுவுக்கு ஆள் தேறியது. துபாயில் அவன் ஏசி மெக்கானிக். சிலுவைமுத்துவின் மைத்துனனோடு ஒரே கம்பெனி. திருநாள் டூர்னமென்டின் இறுதியாட்டத்தில் மட்டும் ஒவ்வொரு ஊரும் வெளியிலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரை இறக்கலாம். இன்று சாயங்காலம் பக்கத்து ஊரான அக்கரைத்துறையோடு அந்த ஆட்டம்.

"கெஸ்ட மாத்துங்க மாமா. வேணும்னா நானே கோலி நிக்கேன்."

"கடல் தாண்டி வந்தவன ஓரமா உக்கார வச்சா ஊருக்குக் கேவலம்லே. அவன்தான் நிப்பான். போ."

ஷாஜின் காலை உதறிக்கொண்டு போனதும் மனைவி செசிலி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"எனக்க தம்பிகிட்ட நல்ல கோலியா அனுப்பச் சொல்லலியா நீங்க?"

"இல்லட்டீ. இருக்கதுலயே மோசமானவன அனுப்பச் சொன்னேன்."

"ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நமக்குக் கப்பு வேணுமா, மருமகன் வேணுமா? அதச் சொல்லு."

போன வருடம் மகள் அஜிஷாவுக்கும் லிபினுக்கும் கல்யாணப் பேச்சு முடிகிற நேரத்தில்தான் இறுதியாட்டம் வந்தது. லிபினின் அப்பா ஜான்ரோஸ், அக்கரைத்துறைக் குழுவின் தலைவர். அவர்கள் மூன்று கோலில் தோற்றார்கள். ஜெயித்த ஊர் தோற்ற ஊருக்குச் சோறு போடுவது அங்கே வழக்கம். சிலுவைமுத்து வீட்டில் இலை போட்டு, சோறும் விழுந்த பிறகு, எவனோ ஒரு குசும்பன் அந்த மூன்று கோலையும் ராகம் போட்டுப் பாடினான். ஜான்ரோஸ் கையை உதறி எழுந்து போனார். பெண் கேட்டு வந்த வீட்டில் இலையை விட்டு எழுந்தவர், அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. லிபின் துபாய்க்குத் திரும்பினான். அஜிஷா போனும் கையுமாக ஒரு வருடம் இளைத்துப் போனாள்.

"இந்த வருசம் அவரு ஜெயிக்கட்டும். மனசு குளிரும். நான் அவருக்க வீட்டுல போய் உண்ணும்போது கல்யாணப் பேச்ச எடுத்துருவேன்" என்றார் சிலுவைமுத்து. ஜெயிக்கப் போவதில்லை என்கிற நிச்சயத்தில், உலை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தளத்தில் ஆட்டம் தொடங்கியது. பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடத் தயாராக நின்றான் ஃபிலிமோன். ஆனால் பந்துதான் வரவில்லை.

அக்கரைத்துறையும் ஒரு வெளிநாட்டுக்காரனை முன்னால் இறக்கியிருந்தது. "எல்லாப் பந்தையும் கெஸ்டுக்கே குடுங்கலே!" என்று ஓரத்தில் நின்று கத்தினார் ஜான்ரோஸ். அவன் அடித்த முதல் பந்து தென்னந்தோப்புக்குப் போனது. இரண்டாவது பந்து கோயில் மணியை அடிக்க, நான்கைந்து பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபத்துக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது பந்து இன்றுவரை கிடைக்கவில்லை.

'பாவம் மனுசன், நல்ல ஆளுன்னு நம்பி ஏமாந்துட்டாரு' என்று சிலுவைமுத்துவுக்கு இரக்கமாக வந்தது.

"ஷாஜினு, ஓடாத மக்கா, இளைக்கும்! நின்னு ஆடு!"

ஷாஜின் கேட்டால்தானே? கடைசி நிமிடத்தில் நாலு பேரை வெட்டி ஒரு கோல் போட்டான். ஊரே தளத்துக்குள் பாய்ந்தது. சிலுவைமுத்துவின் கையில் கப்பைத் திணித்தார்கள். அதை அவர் செத்த பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். கூட்டத்தில் அஜிஷா முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

ஜான்ரோஸ் விறுவிறுவென்று நேரே அவரைப் பார்த்து வந்தார்.

"சோறு எப்பம்?"

"அது... நாங்க ஜெயிப்போம்னு நினைக்கல்ல... உலையே வைக்கல்ல..." சிலுவைமுத்து கப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இனியாவது வையுங்க சம்பந்தி! போன வருசம் எழும்பிப் போனதுக்கு ஒரு வருசமா எனக்க பெண்டாட்டி என்னைத் தின்னுட்டிருக்கா. ஒங்க வீட்டுல திரும்ப வந்து உண்ணணும்னா நான் தோக்காண்டாமா?"

"அதுக்கு..."

"அதுக்குத்தான் லிபின்கிட்ட சொல்லி, துபாய் முழுக்கத் தேடி இவனப் பிடிச்சேன்" என்று தளத்தின் நடுவே ஃபிலிமோனைக் கட்டிப்பிடித்துக் கும்மாளம் போடும் தன் கெஸ்டைக் காட்டினார் ஜான்ரோஸ். "ஒங்க கோலிக்க நாடுதான். அதே நேஷனல் டீமுக்க ஃபார்வேர்டு. பதினோரு மேட்ச்லயும் ஒரு கோலு அடிச்சதில்ல!"