சட்டைப்பையில் போன ரோட்டர்

பேட்டரி நன்றாக இருந்தது. இக்னிஷன் காயிலும் நன்றாக இருந்தது. மெக்கானிக் இருளாண்டி பழைய அம்பாசிடரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“உள்ள கரண்ட்டப் பிரிச்சு விடுற சின்ன ரோட்டரக் காணோம் டீச்சர். அது இல்லாம வண்டி எப்படிக் கிளம்பும்?”

பிளெஸ்ஸி டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவள் வண்டியைத் தொடக்கூடாது என்று கணவர் பிராங்க்ளின்தான் தினமும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். போன மாதம், கடைசியாகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடே அவரை அடக்கம் செய்தார்கள். பையை யாரும் பார்க்கவில்லை.

இருளாண்டி புது ரோட்டர் போட்டார். வண்டி கிளம்பியது. மறுநாள் காலை ரோட்டர் இல்லை. ஷெட் பூட்டு அப்படியே இருந்தது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் போனது.

பிளெஸ்ஸி ஒரு டஜன் வாங்கினாள். ஒன்றை மாட்டி, தானே ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கி, பிராங்க்ளின் கல்லறை முன்னால் நின்றாள்.

“ஓடுற வண்டியில கைய வைங்க, பாப்போம்.”

இன்ஜின் நின்றது.

அவள் பானட்டைத் திறந்து மூடியைக் கழற்றினாள். ரோட்டர் இருந்த இடத்தில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.

“இன்னும் பதினொண்ணு இருக்கு,” என்றாள்.