சாந்தமான குரல்

அட்லாண்டாவில் கறுப்பினப் பெண் அதிகாரிகளுக்கான தலைமைத்துவப் பயிற்சியில் முதல் நாளே தொண்டையில் ஒரு பட்டையை ஒட்டிவிடுவார்கள். எவ்வளவு ஆத்திரமாகக் கத்தினாலும் அது குரலைக் குழைத்துச் சாந்தமாக வெளியே அனுப்பும். ஒட்டிக்கொண்ட ஆறாம் மாதம் வெர்னிஸ் தன் இன்சூரன்ஸ் கம்பெனியில் துணைத் தலைவரானாள்.

இன்று பிரசவ வார்டில் அவள் மகளுக்கு ரத்தம் நிற்கவில்லை. வெர்னிஸ் நர்ஸிடம் ஓடி, அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

"என் பொண்ணு செத்துக்கிட்டிருக்கா, உடனே வாங்க!"

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல் அது வெளியே வந்தது. நர்ஸ் கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லா அம்மாவும் பயப்படுறதுதான். உட்காருங்க மேடம், வரேன்."

வெர்னிஸ் பட்டையைத் தோலோடு பிய்த்தெறிந்தாள். "எந்திரி! மெத்தையெல்லாம் ரத்தம்!"

இப்போது நர்ஸ் எழுந்தாள். இரண்டடி பின்வாங்கி, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். டாக்டர் வரவில்லை. இரண்டு காவலாளிகள் வந்தார்கள்.

"இந்தம்மா மிரட்டுறாங்க. வெளியே கூட்டிட்டுப் போங்க."

வெர்னிஸ் மண்டியிட்டுத் தரையைத் துழாவினாள். பட்டையை எடுத்து, தோலுரிந்த தொண்டையில் மறுபடி ஒட்டிக்கொண்டு கதறினாள்.

"யாராவது வாங்க. என் பொண்ணைக் காப்பாத்துங்க."

நர்ஸ் புன்னகைத்தாள்.

"இதையே முதல்ல இப்படிப் பதமாக் கேட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.